டிசால்வில் ஒரு கை

டென்சில் ஸ்பேஸ் பாரைத் தட்டினான். திரையில் ஓடிக்கொண்டிருந்த கல்யாணம் நின்றது.

நின்ற இடம்தான் சரியில்லை.

பிரேசர் டவுனில் வாடகை வீட்டின் முன்னறையையே எடிட்டிங் அறையாக்கி வைத்திருந்தான். இரண்டு மானிட்டர், முனகும் ஏசி, ஜன்னலில் கறுப்புத் துணி. கன்டோன்மென்ட் பக்கத்துத் தமிழ்க் கிறிஸ்தவக் கல்யாணங்கள் நிறைய இந்த அறைக்கு வந்து, வெட்டுப்பட்டு, பாட்டு சேர்ந்து, அழகாகி வெளியே போகும். படம் பிடிப்பவன் லாயிட். கேமராக்கள் அவனுடையவை, பார்ட்டி பிடிப்பதும் அவனே. வெட்டி ஒட்டுவது டென்சில். பள்ளிக்கூடத்திலிருந்தே சிநேகிதம். ஸ்டுடியோ போர்டில் இரண்டு பெயரும் ஒரே அளவு எழுத்தில் இருக்கும்.

இப்போது மேசையில் இருந்தது நிக்கோலின் கல்யாணம். நிக்கோலின் அம்மா மௌரீனும் டென்சிலின் மனைவி கேரலும் சர்ச்சில் ஒரே பாட்டுக் குழு. அந்தப் பழக்கத்தில் வந்த வேலை.

ரிசப்ஷன் ஹாலில் மேடைக்கு எதிரே ஸ்டாண்டு போட்டு ஒரு கேமராவை லாயிட் நிறுத்திவிடுவது வழக்கம். பின்னால் ஆள் கிடையாது. அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். கையில் தூக்கிய கேமரா எதையாவது தவறவிட்டால் இதில் அகப்படும். மௌரீனின் பெரியண்ணன் கோலாரிலிருந்து சக்கர நாற்காலியில் வந்து, மாப்பிள்ளை பெண் நெற்றியில் சிலுவை போட்ட காட்சி இதில் மட்டும்தான் இருந்தது. அண்ணனை விட்டுவிடாதே, அண்ணனை விட்டுவிடாதே என்று மௌரீன் பார்க்கிற நேரமெல்லாம் சொல்லியிருந்தாள்.

லாயிட்டின் கேமரா அண்ணனை ஏன் தவறவிட்டது?

விடை ஃபிரேமின் வலது ஓரத்தில் இருந்தது. பச்சைப் பட்டில் கேரல். அவளை ஒட்டி லாயிட், தோளில் கேமரா தொங்க. காதருகே குனிந்து ஏதோ சொல்கிறான். பெரியவர் நெற்றியிலிருந்து கையை எடுக்கும்போது லாயிட்டின் இடது கை கிளம்பி, அவசரமே இல்லாமல் வந்து கேரலின் இடுப்பில் உட்கார்ந்தது.

கூட்டத்தில் தெரியாமல் பட்ட கையாக அது தெரியவில்லை. ஏற்கெனவே வந்து வழி பழகிய கை போலத் தெரிந்தது.

அங்கேதான் டென்சில் நிறுத்தினான். ஸ்பேஸ் பாரை இன்னொரு முறை தட்டினால் மிச்சம் ஓடும். விரல் அதன் மேல்தான் இருந்தது. தட்டவில்லை.

சமையலறையில் கேரல் மிக்ஸியை நிறுத்திவிட்டு, டீ வேணுமா என்று குரல் கொடுத்தாள். வேண்டாம் என்றான். குரல் சாதாரணமாக வந்ததில் அவனுக்கே ஆச்சரியம்.

கூப்பிட்டுக் கேட்டுவிடலாம். கேட்டால் பதில் வரும். கேரலுக்குப் பொய் சொல்ல வராது, அதுதான் பயம். உண்மையைச் சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டால்? கல்யாணத்துக்கு முன் ஒற்றை அறையில் பிரெட்டும் ஆம்லெட்டுமாகக் கிடந்த வாழ்க்கை அவனுக்கு மறக்கவில்லை. கேட்காத வரைக்கும் கேரல் இந்த வீட்டில் இருப்பாள். அவ்வளவுதான் கணக்கு. அவள் இருக்க வேண்டும், வேறெதுவும் அவனுக்குத் தெரிய வேண்டாம்.

வெட்டினான். பெரியவரின் கை எழும்புகிற அந்த இடத்தில், லாயிட்டின் கை கிளம்புவதற்கு ஒரு நூலிழை முன்னால் சுத்தமாக ஒரு கட். அடுத்து கேக் வெட்டும் காட்சியை ஒட்டினான். போட்டுப் பார்த்தான். பெரியவர் ஆசீர்வதித்தார், கத்தி கேக்கில் இறங்கியது. நடுவில் எதுவும் நடக்கவில்லை.

அதோடு விட்டிருக்கலாம். பார்ட்டி பார்த்து ஓகே சொல்லும் வரை மூலப் படத்தை அழிப்பதில்லை என்பது அந்தத் தொழிலில் பால பாடம். டென்சில் அன்றைக்கே அழித்தான். சாஃப்ட்வேரில் அதற்கென்றே ஒரு வசதி உண்டு. படத்தில் உபயோகித்த துண்டுகளை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் கழித்துவிடும். கேமரா கார்டுகளை லாயிட் ஏற்கெனவே துடைத்து அடுத்த கல்யாணத்துக்குப் போட்டாயிற்று. ஆக, அந்தக் கை உலகத்திலேயே இல்லை.

அப்படித்தான் நினைத்தான்.

ஒன்றை மறந்தான். அந்தச் சாஃப்ட்வேர் துண்டுகளை மொட்டையாக எடுத்து வைக்காது. ஒவ்வொன்றுக்கும் முன்னும் பின்னும் இரண்டு விநாடி வால் விட்டு வைக்கும். பின்னால் எடிட்டர் மனம் மாறினால் உதவும் என்று. வால் வெளியே தெரியாது. கட்டுக்கு அடியில் மடங்கிக் கிடக்கும்.

* * *

அதற்குப் பிறகு டென்சில் தன் வீட்டையே ஃபிரேம் ஃபிரேமாகப் பார்க்க ஆரம்பித்தான். கேரல் போனைக் கவிழ்த்து வைத்தால் ஏன் என்று பார்த்தான். நிமிர்த்தி வைத்தால் அதற்கும் ஒரு காரணம் தேடினான். லாயிட் வந்தபோது அவள் உள்ளறையை விட்டு வெளியே வரவில்லை. நடிப்பு என்று முடிவு கட்டினான். சாயங்காலம் சர்ச் வாசலில் லாயிட் எதிர்ப்பட்டபோது தலையாட்டிவிட்டு நகர்ந்தாள். அதுவும் நடிப்பு.

ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கேரல் திடீரென்று சொன்னாள்.

"லாயிட் கூட வேணாம் டென்ஸி. நீ தனியா பண்ணேன். எடிட்டிங் மட்டும் எடுத்தாலே நமக்குப் போதும்."

இடுப்பில் கை வைக்க விட்டவள் இப்போது தொழில் கூட்டை உடைக்கச் சொல்கிறாள். நம்மைத் திசை திருப்புகிறாள் என்று அவன் புத்தி உடனே கதை கட்டியது. பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு ரசத்தை ஊற்றிக்கொண்டான். ஏன் என்று கேட்கவில்லை. கேரல் கொஞ்ச நேரம் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து தட்டைக் கழுவப் போனாள்.

அந்த வாரம்தான் மௌரீன் போன் செய்தாள். லிங்க் அனுப்பியிருந்த படத்தை மொபைலில் பார்த்திருந்தாள். எல்லாம் பிரமாதம், பாட்டு பிரமாதம், அண்ணன் பிரமாதம். ஒரே ஒரு குறை.

"டக்கு டக்குன்னு மாறுது கண்ணா. ஒருத்தர் மூஞ்சிய பாக்கறதுக்குள்ள அடுத்த மூஞ்சி வந்து நிக்குது. வெட்டு வெட்டா வேணாம்பா. ஒண்ணு கரைஞ்சு இன்னொண்ணு வருமே, அப்படி போடு. ஞாயித்துக்கிழமை வீட்டுல எல்லாரையும் கூப்பிட்டிருக்கேன், பெரிய டிவில பாக்கணும்."

கரைந்து வருவது. அதற்குப் பெயர் டிசால்வ். சினிமாக்காரர்கள் காலம் கடந்ததைச் சொல்ல அதைப் போடுவார்கள். கல்யாண வீடியோக்காரர்கள் ஆண்ட்டிகளின் கண்வலிக்குப் போடுவார்கள்.

மொத்தப் படத்தையும் செலக்ட் செய்து ஒரு கீயைத் தட்டினால், எங்கெல்லாம் வெட்டு இருக்கிறதோ அங்கெல்லாம் டிசால்வ் வந்து உட்கார்ந்துவிடும். டென்சில் அதைத்தான் செய்தான். வேறு படமாக இருந்தால் ஒவ்வொரு இடமாகப் போய்ப் பார்த்திருப்பான். இந்தப் படத்தில் அந்த ஓரத்தை இன்னொரு தடவை பார்க்க அவனுக்கு நெஞ்சில் பலம் இல்லை. பார்க்காமலே முழுப் படமாக எடுத்து, பென் டிரைவில் போட்டான்.

கட் என்றால் முதல் ஷாட் அங்கேயே செத்தது. டிசால்வ் அப்படியல்ல. முதல் ஷாட் கரைய வேண்டுமென்றால் வெட்டிய இடத்தைத் தாண்டி இன்னும் கொஞ்சம் ஓடியாக வேண்டும். ஓடுவதற்குப் படம் எங்கிருந்து வரும்? மடங்கிக் கிடந்த வாலிலிருந்து வரும். எடிட்டிங் கற்றுக்கொள்ளும் முதல் மாதத்தில் தெரிந்துகொள்கிற விஷயம். பொண்டாட்டி மேல் சந்தேகம் வந்த எடிட்டருக்கு அது மறந்து போயிற்று.

* * *

ஞாயிறு பூசை முடிந்து, வீலர் ரோட்டில் மௌரீனின் வீடு நிரம்பி வழிந்தது. தேங்காய்ப்பால் சோறும் மட்டன் உருண்டைக் குழம்பும் வாசனையாக வந்துகொண்டிருந்தன. நிக்கோல் புருஷனோடு சோபாவில். தாய்மாமன் வீட்டு ஆட்கள், பாட்டுக் குழுப் பெண்கள், தரையில் குழந்தைகள். லாயிட் சுவரில் சாய்ந்து தட்டோடு நின்றான். கேரல் ஜன்னலோரமாக உட்கார்ந்திருந்தாள். அவளுக்கும் லாயிட்டுக்கும் நடுவில் மொத்த ஹாலும் இருந்ததை டென்சில் அளந்து வைத்துக்கொண்டான்.

படம் ஓடியது. கரைந்து கரைந்து ஓடியது. மௌரீனுக்குப் பரம சந்தோஷம். ரிமோட்டை யாரிடமும் கொடுக்காமல், வேண்டியவர் முகம் வந்தால் பின்னால் ஓட்டி இன்னொரு தரம் காட்டினாள்.

அண்ணன் வந்தார். நாற்காலியிலிருந்து எக்கி சிலுவை போட்டார். மௌரீனுக்குக் கண் தளும்பியது. அந்த முகத்தை அப்படியே நிறுத்திப் பார்க்க ரிமோட்டை அழுத்தினாள்.

விரல் கொஞ்சம் தாமதம். அண்ணன் பாதி போய்விட்டார். கேக் பாதி வந்துவிட்டது. வெட்டிய இடத்தைத் தாண்டி, டிசால்வுக்குள்ளேயே படம் உறைந்து நின்றது.

மூன்றடுக்குக் கேக். அதற்குள்ளிருந்து புகை மாதிரி ஒரு பச்சைப் பட்டு. பட்டின் மேல் ஒரு கை. கேக்கின் மேலடுக்கில், க்ரீம் பூவுக்குப் பக்கத்தில், கேரலின் காதை நோக்கிக் குனிந்த லாயிட்டின் முகம்.

பெரிய டிவி. எல்லாம் நன்றாகத் தெரிந்தது.

"அது கேரல் ஆண்ட்டி இல்ல?" என்றாள் நிக்கோல்.

பாட்டுக் குழுப் பெண் ஒருத்தி இன்னொருத்தியின் முழங்கையைத் தொட்டாள். மௌரீன் ரிமோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பதற்றத்தில் அவளுக்கு எந்தப் பட்டன் என்று அகப்படவில்லை. கேரல் தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். டென்சிலை அவள் பார்க்கவில்லை. நேராக லாயிட்டைப் பார்த்தாள், எதையோ சொல்லிவிடுவது என்று தீர்மானித்தவள் போல.

லாயிட் முந்திக்கொண்டான். சிரித்தான்.

"ஆண்ட்டி, இதான் டிசால்வ் கேட்டா வர்ற வம்பு. ரெண்டு ஷாட் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நிக்குது. கேரல் ஒரு ஷாட்ல இருக்கா, நான் வேற ஷாட்ல இருக்கேன். சேத்து நிறுத்துனா இல்லாததெல்லாம் இருக்கற மாதிரி தெரியும். சொல்லு மேன், டென்சில்."

ஹால் முழுக்க டென்சில் பக்கம் திரும்பியது.

அவனுக்கு ஒரே நினைப்புதான். கேரலின் மானம். இத்தனை பேர் முன்னால் அவள் பெயர் கெடக்கூடாது. வீட்டுக்கு அவள் தலைநிமிர்ந்து திரும்ப வேண்டும், திரும்பியபின் இருக்க வேண்டும். கேரல் வாயைத் திறப்பதற்குள் அவன் திறந்தான்.

"ஆமா ஆண்ட்டி. வேற வேற ஷாட்."

ஹால் மூச்சு விட்டது. பார்த்துப் போடக்கூடாதா என்று யாரோ செல்லமாகத் திட்டினார்கள். இனிமேல் உன்னை நம்பி யாரும் பக்கத்தில் நிற்கக்கூடாது போல என்று மாமன் ஒருவர் சொல்ல, எல்லோரும் அளவுக்கு மேல் சிரித்தார்கள். லாயிட் இன்னொரு உருண்டை போட்டுக்கொண்டான்.

கேரல் மட்டும் நின்றுகொண்டே இருந்தாள். லாயிட்டைப் பார்ப்பதை விட்டுவிட்டு டென்சிலைப் பார்க்க ஆரம்பித்திருந்தாள். அது ஒரே ஷாட் என்று அந்த ஹாலில் மூன்று பேருக்குத் தெரியும். மூன்றாவது ஆள் யார் என்று இப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

* * *

வீட்டுக்கு நடந்தே வந்தார்கள். கதவைச் சாத்தியதும் கேரல் செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டாள்.

"நீ முன்னாடியே பாத்துட்ட."

அவன் தலையாட்டினான்.

"பாத்துட்டு கட் பண்ணிருக்க."

"உனக்காகத்தான். யாரும் பாக்கக்கூடாதுன்னு..."

"எனக்காகவா? லாயிட் வேணாம், தனியா பண்ணுன்னு சொன்னேனே. ஏன்னு ஒரு வார்த்த கேட்டியா? நான் எப்படி ஆரம்பிக்கறதுன்னு தெரியாம உக்காந்திருக்கேன், நீ ரசம் ஊத்திக்கற."

டென்சில் சாத்திய கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டான்.

"அவன் கைய வச்சான். சரி. அதுக்கப்புறம் நான் என்ன பண்ணேன்னு பாத்தியா?"

அதற்கப்புறம். அப்படியொன்று இருந்திருக்கிறது. ஒரு தட்டுத் தட்டியிருந்தால் ஓடியிருக்கும். தள்ளிவிட்டாளா, அறைந்தாளா, சிரித்தாளா, அப்படியே நின்றாளா? எல்லாம் அதில் இருந்தது. அவன் பார்க்கவில்லை.

அடுத்து அவன் செய்ததுதான் அந்த வீட்டுக்குக் கொள்ளி வைத்தது. அவள் பக்கத்தில் போகவில்லை. முன்னறைக்குப் போனான். மானிட்டரைப் போட்டான். நிக்கோல் கல்யாணத்தைத் திறந்து, அந்தத் துண்டின் நுனியைப் பிடித்து இழுத்தான். பெரியவரின் கை எழும்பியது. லாயிட்டின் கை கிளம்பியது, வந்தது, உட்கார்ந்தது. கேரலின் தலை திரும்பத் தொடங்கியது. யார் பக்கம், எதற்கு என்று தெரிவதற்குள் வால் தீர்ந்துவிட்டது. மறுபடி இழுத்தான். நுனி நகரவில்லை. ஹார்ட் டிஸ்க்கைத் தேடினான். குப்பைத் தொட்டியைத் தேடினான். அழித்ததை மீட்கும் ஏதோ ஒரு சாஃப்ட்வேரைப் பதிவிறக்கம் செய்து, அது ஓடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தான். அழித்த இடத்தின் மேல் அதற்குப் பிறகு வந்த கல்யாணங்கள் ஏறி உட்கார்ந்திருந்தன. யார் யாரோ மணப்பெண்கள் வந்தார்கள். கேரல் வரவில்லை.

வாசற்படியில் நின்று அவள் அத்தனையையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன தேடற?"

"மிச்சத்த."

"மிச்சம் இங்க நிக்குது, டென்ஸி."

அவன் நாற்காலியைத் திருப்பினான். கேட்டான். படத்தில் பார்த்த அன்றைக்கே கேட்டிருக்க வேண்டியதை, ரசம் ஊற்றிக்கொண்டபோதாவது கேட்டிருக்க வேண்டியதை இப்போது கேட்டான்.

"சொல்லு கேரல். அப்புறம் என்ன ஆச்சு?"

"சொன்னா நம்புவியா?"

நம்புவேன் என்று சொல்ல வாயெடுத்தான். சொல்லவும் சொன்னான். ஆனால் அதற்கு முன் அவன் கண் ஒருதரம் மானிட்டரின் பக்கம் போய்விட்டு வந்தது. மீட்கும் சாஃப்ட்வேர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. கேரல் அந்தக் கண்ணைப் பார்த்தாள்.

"அவங்க எல்லார் முன்னாடியும் சொல்லலாம்னு எந்திரிச்சேன்" என்றாள். குரல் உயரவில்லை. "அவன் மூஞ்சிக்கு நேரா, எல்லாரும் கேக்கற மாதிரி. வேற வேற ஷாட்டுன்னு நீங்க சாட்சி சொல்லிட்டீங்க. இனிமே நான் எங்க போய் சொன்னாலும், புருஷனே இல்லன்னுட்டானே, இவளுக்கென்னன்னுதான் கேப்பாங்க. அவனுக்கு இத விட நல்ல வக்கீல் கிடைக்க மாட்டான்."

நீங்க. கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்த அன்றைக்கு அவள் ஒரு தடவை அப்படிக் கூப்பிட்டிருக்கிறாள். அதற்குப் பிறகு இன்றுதான்.

"கேரல், உன்ன விட்டுக்குடுக்கக் கூடாதுன்னுதான் நான்..."

"நீங்க தேடுங்க."

உள்ளே போனாள். பீரோ திறக்கும் சத்தம், ஜிப் இழுபடும் சத்தம். லிங்கராஜபுரத்தில் இருக்கும் அக்காவுக்குப் போன் செய்து, வருகிறேன் என்று மட்டும் சொன்னது கேட்டது. டென்சில் எழுந்து போய்க் கையைப் பிடித்திருக்கலாம். அப்போதும் அவன் மனதுக்குள் ஒரு குரல், தள்ளிவிட்டிருந்தால் சொல்லியிருப்பாளே என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தது. அந்தக் குரலை அடக்கிவிட்டு எழுந்திருக்கலாம் என்று காத்திருந்தான். அது அடங்குவதற்குள் கேட் சாத்தப்பட்டது, ஆட்டோ கிளம்பியது.

மீட்கும் வேலை முடிந்து, ஒன்றும் கிடைக்கவில்லை என்று திரை சொன்னபோது போன் அடித்தது. லாயிட்.

மௌரீன் வீட்டிலிருந்து இப்போதுதான் கிளம்பினானாம். நல்ல நேரத்தில் கை கொடுத்தாய் என்றான். கூட்டத்தில் ஒன்று என்றால் ஒன்பதாகப் பேசுவார்கள், நமக்குத் தொழில் முக்கியம் என்றான். பிறகு கொஞ்சம் இழுத்து, கேரல் ஏதாவது சொன்னாளா என்று கேட்டான்.

கேரல் சொல்லாததைச் சொல்லக்கூடிய ஒரே ஆள் லைனில் இருந்தான். அன்றைக்கு அப்புறம் என்ன நடந்தது என்று கேட்கலாம். செவிட்டில் அறைவது போல நாலு வார்த்தை கேட்கலாம். போனை உடைத்தே போடலாம். டென்சில் நாக்கால் உதட்டை ஈரம் செய்துகொண்டான்.

"ஒண்ணும் சொல்லல" என்றான்.

லாயிட் கலகலப்பானான். சனிக்கிழமை பீன்யாவில் ஒரு ஃபேக்டரி சூப்பர்வைசர் மகள் ரிசப்ஷன், பெரிய பார்ட்டி, படத்தை அவசரமாகக் கேட்கிறார்கள், உன்னால் முடியுமா மேன் என்றான்.

எந்த ஹால் என்று கேட்டான் டென்சில்.